உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கடியிலிருந்து நேர்முக வர்ணனை!

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே 1820-களில் தொடங்கிய வெள்ளிக்கிழமை அறிவியல் உரைகளில் வரவேற்புரை, அறிமுகவுரை எதுவும் கிடையாது. மணி அடித்ததும் பேச்சாளர் நேராக விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். பயந்து ஓடிவிடாதபடி, உரைக்குச் சற்றுமுன் அவரை ஓர் அறையில் வைத்துப் பூட்டும் பழக்கமும் உண்டு. நம் ஊரில் பூட்ட வேண்டியது அறிமுகம் செய்பவரை!

*

1932 செப்டம்பரில் வில்லியம் பீப் வானொலிக்கு நேர்முக வர்ணனை கொடுத்தது பெர்முடா கடலுக்குள், 600 மீட்டருக்கும் கீழேயிருந்து. கப்பலிலிருந்து வடத்தில் தொங்கிய எஃகு உருண்டை. ஒன்றரை மீட்டர்கூட அகலம் இல்லை. அதற்குள் அவர், கூட்டாளி ஓட்டிஸ் பார்ட்டன், ஆக்சிஜன் உருளைகள், காற்றைச் சுழலவிட ஓலை விசிறி! ஒளிரும் மீன்களைப் பற்றி பீப் டெலிபோனில் சொல்லச் சொல்ல, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்ட்டனுக்கோ வாந்தி. அது ஒலிபரப்பாகவில்லை என்று நம்புவோம்.

*

1968-இல் ஆல்வின் நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும்போது கம்பிவடம் அறுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பி வெளியேறிவிட்டார்கள். அவர்களுடைய மதியச் சாப்பாடு மட்டும் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போனது. பத்து மாதத்துக்கு மேல் கழித்துத் தூக்கியபோது சாண்ட்விச்சும் ஆப்பிளும் ஊறிப்போயிருந்தனவே தவிர, கெடவில்லை. மிச்சத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார்கள். சில வாரங்களிலேயே கெட்டுவிட்டது! அப்படியானால் குளிர் மட்டும் காரணமில்லை. ஆழத்தில் நுண்ணுயிர்களின் வேலையே மந்தமாகிவிடுகிறதா? ஒரு டப்பா சாப்பாடு கிளப்பிய இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல ஆய்வுகள் நடந்தன.

*

1977-இல் காலபகஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டுபிடித்த குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. அங்கே கிடைத்த உயிரினங்களைப் பதப்படுத்த ரஷ்ய வோட்காதான் கைகொடுத்தது.

*

2025-இல் அர்ஜென்டினா விஞ்ஞானிகள் மார் டெல் பிளாட்டா கடற்பள்ளத்தாக்கில் ரோபோவை இறக்கி, யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அதிகம் பேசப்பட்டது, பிட்டம் பெருத்ததுபோல் தெரிந்த ஒரு நட்சத்திர மீன்.

*

அந்த ரோபோவுக்குக் கப்பலிலிருந்து கேபிள் உண்டு, பீப்புக்கும் இருந்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000-க்கு அது கிடையாது. மூன்று பேருடன் தன்னிச்சையாக 6,000 மீட்டர் ஆழம்வரை செல்ல வேண்டிய வாகனம். ரேடியோ அலை கடல்நீரில் எடுபடாது என்பதால், பேச்சு ஒலியலையாகத்தான் மேலே வர வேண்டும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அடியிலிருந்து 'ஹலோ' மேலே வந்துசேர நாலு நொடி. பதில் திரும்பிப் போக இன்னொரு நாலு.