பொதுக் கோப்புறையும் தனிச் சாவியும்

நாம் ஒரு முறை பார்வையிட்ட நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், நூல் வழங்கல் பதிவேடு மூன்று கணினிகளில் மூன்று விதமாக இருக்கக் கண்டோம். கிடங்கு எழுத்தரின் கணினியில் ஓர் அங்கத்தினர் ஒப்படைத்த துணி வரவு வைக்கப்பட்டிருந்தது. கூலிப் பட்டியல் தயாராகும் கணினியிலோ அதே அங்கத்தினர் பெயரில் நூல் பாக்கி நின்றது. இரண்டுக்கும் இடையே கோப்பைச் சுமந்து சென்ற பென் டிரைவ் எந்த நாளில் யார் கையில் இருந்தது என்பதை எவராலும் கூற இயலவில்லை. துணி வாங்கிக்கொண்டதற்கான ரசீது அந்த அங்கத்தினரிடம் பத்திரமாக இருந்தமையால் அவருடைய கூலி தப்பியது. எனினும் இரண்டு வாரம் பிந்தியே அவர் கைக்கு வந்தது.

இதன் பின்னரே அச்சங்கத்தார் 'நாஸ்' எனப்படும் வலைச் சேமிப்புப் பெட்டி ஒன்றை வாங்கினர். இப்பெட்டி, திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறு கணினியே ஆகும். உள்ளே ஒன்றோ இரண்டோ வன்தட்டுகள் இருக்கும். இதனை ரவுட்டருடன் கம்பியால் இணைத்துவிட்டால், அலுவலகக் கணினிகள் யாவும் இதிலுள்ள கோப்புறைகளைத் தம்முடையனபோல் திறந்து எழுதலாம். பதிவேடு ஒன்றே, அது இருக்கும் இடமும் ஒன்றே.

கணினியும் பெட்டியும் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனத்தில் 1980-களில் தோன்றிய முறை இது. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இதே முறையில் பேசவல்ல ஒரு மென்பொருளை 1990-களின் தொடக்கத்தில் எழுதி யாவர்க்கும் இலவசமாக அளித்தார். பலர் கூடி வளர்த்த அம்மென்பொருள் 'சாம்பா' என்ற பெயரில் இன்று பெரும்பாலான சேமிப்புப் பெட்டிகளுக்குள் இயங்குகிறது. கூட்டுறவாளராகிய நமக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

இணைக்கும் முறை கடினமன்று. முதற்கண், ரவுட்டரில் இப்பெட்டிக்கென ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிட வேண்டும். இல்லையேல் ஒரு நாள் மின்சாரம் நின்று வந்தபின் ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிடக்கூடும். கணினிகள் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். அடுத்து, விண்டோஸ் கணினியில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' என்பதைத் தெரிந்தெடுத்து, \\192.168.1.50\கூலி என்பதுபோலப் பெட்டியின் எண்ணையும் கோப்புறையின் பெயரையும் எழுத வேண்டும். பெயர் தமிழிலேயே இருக்கலாம். 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' என்ற கட்டத்தில் குறியிட்டால் மறுநாட்காலையும் இணைப்பு தானே வரும்.

இனிப் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். இங்கேதான் அநேகர் இடறுகின்றனர். காலையில் கணினியைத் திறக்க அழுத்தும் 'பின்' எண் இங்கே செல்லாது. பெட்டியில் நமக்கென உண்டாக்கப்பட்ட பெயரையும் அதற்குரிய கடவுச்சொல்லையுமே கொடுத்தல் வேண்டும். மேலும், ஒரு கணினியில் ஒருவர் அமர்ந்திருக்கையில், அதே பெட்டிக்கு இரண்டு பெயர்களில் நுழைய விண்டோஸ் இடந்தராது. எழுத்தர் பெயரில் திறந்திருக்கும்போதே காரியதரிசி தம் பெயரில் மற்றொரு கோப்புறையைத் திறக்க முயன்றால் பிழைச்செய்தியே வரும். முன்னைய இணைப்பைத் துண்டித்தபின் முயல வேண்டும்.

இத்தொல்லை எதற்கு, யாவர்க்கும் ஒரே பெயர் போதாதா எனச் சிலர் வினவுவர். நாம் மேலே சொன்ன சங்கத்தாரும் அப்படித்தான் எண்ணி, கடவுச்சொல்லே கேளாத 'விருந்தினர்' நுழைவாகக் கோப்புறையைத் திறந்து வைத்திருந்தனர். சில மாதங்களில் இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி மாறியிருந்தது. மாற்றியவர் யாரென்று அறிய வழியில்லை. சந்தேகமோ இளைய எழுத்தர்மேல் விழுந்தது. அவர் குற்றமற்றவர் என்று நிறுவவும் வழியில்லை. ஒவ்வொருவர்க்கும் தனிப்பெயர் இருந்து, பெட்டியின் நடவடிக்கைக் குறிப்பும் இயங்கியிருந்தால், யார் பெயரில் எப்பொழுது அக்கோப்பு திருத்தப்பட்டது என்பது தெரிந்திருக்கும். தனிச் சாவி திருடனைப் பிடிக்க மட்டும் அன்று. நேர்மையானவரைக் காக்கவும் வேண்டும்.

ஆதலின், கிடங்குக் கோப்புறையில் கிடங்கு எழுத்தர் எழுதலாம், கூலி எழுத்தர் படிக்க மட்டும் செய்யலாம் என்று உரிமைகளைப் பிரித்து வைத்தல் நலம். விளைபொருள் சங்கங்களில் எடைச் சீட்டை எழுதுபவரும் பணம் பட்டுவாடா செய்பவரும் இவ்வாறே பிரிந்திருத்தல் வேண்டும்.

பின்னர் அச்சங்கம் புதுக் கணினி ஒன்றை வாங்கியபோது அதில் கோப்புறை திறக்கவேயில்லை. பெட்டி பழுது என்று அஞ்சினர். பழுது ஏதுமில்லை. 2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, அதன் 'ப்ரோ' வகையில், கடவுச்சொல்லற்ற விருந்தினர் நுழைவை இயல்பாகவே மறுத்துவிடுகிறது. பழுது பார்க்க வந்தவர் அக்காப்பைத் தளர்த்தி, எஸ்.எம்.பி.யின் பழைய முதற்பதிப்பையும் இயக்கித் தருவதாகக் கூறினார். நாம் அதற்கு உடன்படவில்லை. 2017 மே மாதம் பல நாடுகளில் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் முடக்கிய 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் அம்முதற்பதிப்பின் ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவிற்று. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது அதன் தொழில். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தும் அதனைப் பொருத்தாதவர்கள் அகப்பட்டனர். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, தனிப்பெயர்களை உண்டாக்கியதும் புதுக் கணினியிலும் கோப்புறை திறந்தது. அரை நாள் வேலை.

மற்றொரு தவறான நம்பிக்கையையும் இங்கே குறிக்க வேண்டும். பெட்டியில் இரண்டு வன்தட்டுகள் ஒன்றைப்போல் ஒன்று எழுதிக்கொண்டிருப்பதால் பிரதி இருக்கிறது என்று கருதுகின்றனர். ஒரு தட்டு கெட்டால் மற்றது உதவும், உண்மையே. ஆனால் கைதவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். பகிர்வுக் கோப்புறையில் அழித்தது நம் கணினியின் குப்பைத்தொட்டிக்கு வருவதுமில்லை. பெட்டியில் தனிக் குப்பைத்தொட்டி வசதி இருப்பின் அதனை இயக்கி வைக்கலாம். அஃதன்றி, வாரம் ஒரு முறை தனி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்து, அதனைக் கழற்றி வேறு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். செருகியபடியே விட்ட தட்டைத் தீநிரலும் எட்டிவிடும்.

பெட்டியின் தலைமைக் கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் மனத்தில் வைத்திருப்பது ஆகாது. உறையிலிட்டு முத்திரையிட்டு, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்து, நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் அதனைக் குறித்தல் வேண்டும். காரியதரிசி மாறும்போது சாவிக்கொத்தோடு இவ்வுறையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இடம்பெறுக. புதியவர் வந்த அன்றே கடவுச்சொல்லை மாற்றி, விலகியவரின் பெயரைப் பெட்டியிலிருந்து நீக்கிவிடுக.