சர்க்கரை மாத்திரையை இரண்டு இடத்தில் வாங்குவோர் கவனத்துக்கு

சர்க்கரை கூடினால் ஆபத்து என்பது ஊரறிந்த சேதி. குறைந்தாலும் ஆபத்துதான். இரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம்.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதையும் போட்டுக்கொண்டு, டவுன் டாக்டர் எழுதிய மாத்திரையையும் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. “ரெண்டும் சர்க்கரைக்குத்தானே, சேர்த்துப் போட்டா சீக்கிரம் குறையும்” என்று நினைக்கிறார்கள். வம்பே இங்குதான்.

மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அபூர்வம். ஆனால் கிளிபென்கிளமைடு, கிளிப்பிசைடு, கிளைமிபிரைடு மூன்றும் ஒரே குடும்பம். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அவை பார்ப்பதில்லை. அட்டையில் பேரு வேற, கலரு வேற. செய்யும் வேலை ஒன்றே. மெட்பார்மினும் கிளைமிபிரைடும் ஒரே மாத்திரையில் கலந்தும் வருகிறது. இன்சுலின் ஊசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரையைப் போட்டுவிட்டு விரதமிருப்பதும், வெறும் வயிற்றோடு களையெடுக்கப் போவதும், மது குடிப்பதும் கூடாது.

கைநடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, சட்டை நனைகிற வியர்வை, பேச்சுக் குழறல் இவையே அடையாளம். அட்டினலால் போன்ற இரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை காட்டிக்கொடுக்கும். குழறுகிற கணவரை, “குடிச்சுட்டு வந்திருக்கார்” என்று திண்ணையில் படுக்க வைத்துவிடாதீர்கள், தாய்மார்களே. மனைவி காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் கணவரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். வோக்ளிபோஸ் சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை தாமதமாகவே வேலை செய்யும். அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் தர வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுத்து, பிறகு இட்லியோ சோறோ கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

தெளிந்த பிறகும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்கும். தூக்கத்தில் மறுபடி இறங்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் நீடிக்கும்.

வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், இரண்டு சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு, தம்பதியர் இருவருமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்து வாருங்கள். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று டாக்டர் பார்த்துச் சொல்வார்.