கற்றுக்கொண்டவர் யார்?

கடந்த ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி. சொல்வதற்குச் சற்றே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்க வழியில்லை.

எங்கள் மதரஸாவின் மாலை வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன். வயது பதினாறு. அவனுடைய அத்தா மௌத்தாகி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் பாடத்தின் நடுவே எழுந்து நின்று, “ஹஜ்ரத், மனிதன் எதற்காகத்தான் வாழ்கிறான்?” என்று கேட்டான். எனக்கோ அன்று முடிக்க வேண்டிய பாடம் பாதிக்கு மேல் மீதி இருந்தது. “அதெல்லாம் பெரிய விஷயம். இப்போது பாடத்தைக் கவனி” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

சில வாரங்கள் சென்றன. அவனுடைய தாயார் என்னைத் தேடி வந்தார். மகன் இரவு இரண்டு மணி வரை கைபேசியும் கையுமாக விழித்திருக்கிறான் என்று கண்கலங்கினார். ஏதேனும் தீய பழக்கமோ என்று நானும் அஞ்சினேன். அழைத்து விசாரித்தபோது அவன் எதையும் மறைக்கவில்லை. தானே கைபேசியை என்னிடம் நீட்டினான். செயற்கை நுண்ணறிவு என்று இன்று எல்லோரும் பேசும் அந்தக் கணிப்பொறி நிரலோடு அவன் நாள்தோறும் உரையாடியிருந்தான். அவன் கேட்டிருந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? என்னிடம் கேட்ட அதே கேள்வி! அதற்கு மேலே ஒரு வரி எழுதியிருந்தான்: ‘எங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவருக்கு நேரமில்லை.’

அந்த ஒரு வரி என்னைப் பல நாள்கள் உறங்கவிடவில்லை.

நான் வரலாறு பயின்ற பட்டதாரி. விஞ்ஞானம் என் துறையன்று. ஆயினும் என் மாணவன் யாரோடு பேசிக் கொண்டிருக்கிறான் என்பதையாவது அறிந்துகொள்ள வேண்டாமா? தேடித் தேடிப் படித்தேன். இயந்திரம் சிந்திக்குமா, உண்மை என்பது எது, மனித வாழ்வின் பொருள் என்ன என்பன போன்ற கேள்விகளைப் பேரறிஞர்கள் பலர் எதிரெதிரே அமர்ந்து நெடுநேரம் விவாதித்திருக்கிறார்கள். அவற்றுள் என் மனத்தைத் தொட்ட சிலவற்றை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வானொலியில் நால்வர்

1952 ஜனவரி மாதம். பி.பி.சி. வானொலியில் ஓர் உரையாடல் ஒலிபரப்பாயிற்று. தானே கணக்கிடும் இயந்திரங்கள் சிந்திக்கின்றன என்று சொல்ல முடியுமா என்பதே பொருள். பங்கேற்றோர் நால்வர். ஒருவர் கணித மேதை ஆலன் ட்யூரிங். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படிக்க உதவியவர். கணிப்பொறி என்னும் கருத்துக்கே அடித்தளம் இட்டவர்களுள் தலையாயவர். மற்றொருவர் மாக்ஸ் நியூமன். கேம்பிரிட்ஜில் ட்யூரிங்குக்கு ஆசிரியராக இருந்த கணிதப் பேராசிரியர். மூன்றாமவர் ஜெஃப்ரி ஜெஃபர்ஸன். மூளை அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்றவர். நால்வரையும் இணைத்து உரையாடலை நடத்திச் சென்றவர் ரிச்சர்ட் பிரெய்த்வெயிட் என்னும் தத்துவப் பேராசிரியர்.

ட்யூரிங்கின் வாதம் எளிமையானது. ‘சிந்தனை என்றால் என்ன?’ என்று இலக்கணம் வகுத்துக் கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு தேர்வு வைப்போம். மறைவில் இருந்துகொண்டு எழுத்து மூலம் பதில் சொல்வது மனிதனா இயந்திரமா என்பதை நடுவர்கள் சிலர் கேள்விகள் கேட்டே கண்டுபிடிக்கட்டும். இயந்திரம் அவர்களுள் கணிசமானவர்களை நம்ப வைத்துவிட்டால், அது தேர்வில் வென்றதாகக் கொள்வோம். இதே கருத்தை 1950-இல் ‘மைண்ட்’ என்னும் தத்துவ இதழிலும் அவர் எழுதியிருந்தார்.

மருத்துவர் ஜெஃபர்ஸன் இதற்கு எளிதில் இணங்குபவர் அல்லர். 1949-இல் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றிலேயே அவர் தம் நிலையைச் சொல்லியிருந்தார். ஒரு கவிதையை, எழுத்துகள் தற்செயலாகக் கூடியதால் அன்றி, தான் உணர்ந்த உணர்ச்சியால் ஓர் இயந்திரம் எழுத வேண்டும். எழுதியது மட்டுமன்றி, எழுதினோம் என்பதையும் அது அறிய வேண்டும். அதுவரை இயந்திரமும் மூளையும் ஒன்று என ஒப்ப மாட்டேன் என்பது அவர் கட்சி. ட்யூரிங் 1950-இல் இதற்கும் விடை தந்திருந்தார். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் அடுத்த மனிதன் சிந்திக்கிறான் என்பதற்குக்கூட உறுதியான சான்று ஏது? அவனாகவே நாம் மாறினால் அன்றோ தெரியும்!

எத்தனை ஆண்டுகளில் இயந்திரம் இத்தேர்வில் எந்தக் கேள்விக்கும் ஈடுகொடுத்து நிற்கும் என்று நியூமன் கேட்டார். குறைந்தது நூறு ஆண்டுகளாவது ஆகும் என்றார் ட்யூரிங். அவர் 1954-இல் மறைந்தார். அந்த வானொலி உரையாடல் நடந்து எழுபது ஆண்டுகள் கழிந்த 2022 நவம்பர் 30 அன்று ‘சாட்ஜிபிடி’ பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது!

இந்த உரையாடலில் ஆசிரியனாகிய என்னை நிறுத்திவைத்த இடம் ஒன்று உண்டு. இயந்திரத்துக்கும் பாடம் கற்பிக்கலாம் என்றார் ட்யூரிங். தாம் சில சோதனைகள் செய்து பார்த்ததாகவும், சிறிதளவு பயன் கிடைப்பதற்கே மிகுதியாகக் கற்பிக்க வேண்டியிருந்ததாகவும் கூறினார். உடனே ஜெஃபர்ஸன் குறுக்கிட்டார். அப்போது கற்றுக்கொண்டவர் யார், நீரா இயந்திரமா என்று கேட்டார். இருவருமே கற்றோம் என்றுதான் நினைக்கிறேன் என்று விடை தந்தார் ட்யூரிங்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்தி வருகிறேன். இப்படி ஒரு கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அறையை விட்டு வெளியே செல்லுங்கள்!

ஜோஸஃப் வைஸன்பாம் பெர்லினில் 1923-இல் பிறந்தவர். யூதக் குடும்பம். ஹிட்லர் ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி 1936-இல் அமெரிக்கா சென்றார்கள். பின்னர் அவர் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறிப் பேராசிரியரானார். 1966-இல் ‘எலிஸா’ என்னும் நிரல் ஒன்றைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தட்டச்சு செய்தால் பதில் சொல்லும் நிரல் அது. மனநல மருத்துவர் ஒருவர் நோயாளியிடம் பேசுவதைப்போல் அதை அமைத்திருந்தார்.

அதன் உள்ளே இருந்த சூட்சுமம் மிகச் சிறியது. எழுதியவரின் வாக்கியத்தில் உள்ள முக்கியச் சொல்லை அது பிடித்துக்கொள்ளும். ‘நான்’ என்பதை ‘நீங்கள்’ என்று மாற்றித் திருப்பிக் கேட்கும். ‘என் தாய்’ என்று எழுதினால், உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்னும். ஒன்றும் பிடிபடவில்லை என்றால், மேலே சொல்லுங்கள் என்னும். அவ்வளவுதான். தாய் என்றால் யார் என்று அதற்குத் தெரியாது.

வைஸன்பாமின் அலுவலகச் செயலாளராக இருந்த பெண்மணி, அவர் இந்த நிரலை எழுதுவதை மாதக்கணக்கில் பார்த்துக் கொண்டிருந்தவர். அது வெறும் நிரல் என்பதை நன்கு அறிந்தவர். ஒருநாள் அவரே அதனோடு பேசத் தொடங்கினார். இரண்டு மூன்று பதில்கள் வந்தவுடன் வைஸன்பாமைப் பார்த்து, தயவுசெய்து அறையை விட்டு வெளியே செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம்! மனத்தில் உள்ளதைச் சொல்ல அவருக்குத் தனிமை வேண்டியிருந்தது.

வைஸன்பாம் திடுக்கிட்டார். இத்தகைய நிரல்கள் இருந்தால் மணிக்கு நூற்றுக்கணக்கான மனநோயாளிகளைக் கவனிக்கலாம் என்று மருத்துவத் துறையினர் சிலர் எழுதியபோது அவர் கவலை இன்னும் பெருகியது. 1976-இல் ‘கணிப்பொறியின் ஆற்றலும் மனித அறிவும்’ என்னும் பொருள்படும் நூல் ஒன்றை எழுதினார். ஒரு காரியத்தைக் கணிப்பொறியால் செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி. செய்ய விடலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி என்று அதில் வாதிட்டார். கருணையும் பொறுப்பும் தேவைப்படும் இடத்தில் கணக்கை உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் முடிவு. 2008-இல் மறையும் வரை அவர் அதிலிருந்து மாறவில்லை.

எலிஸாவின் கதையை உலகம் இயந்திரத்தின் கதையாகவே சொல்லி வருகிறது. எனக்கோ அந்தப் பெண்மணியே நினைவில் நிற்கிறார். மனிதர்கள் நிறைந்த அலுவலகத்தில் அவருடைய பேச்சைக் கேட்பதற்கு ஓர் இயந்திரம்தான் கிடைத்தது என்றால், குறை இயந்திரத்திலா இருக்கிறது?

இன்றைய இயந்திரம்

எலிஸாவோடு ஒப்பிட்டால் இன்றைய நிரல்கள் மலையும் மடுவும் போன்ற வேறுபாடு உடையவை. மனிதர்கள் எழுதிக் குவித்த அளவற்ற எழுத்துகளைக் கொண்டு அவை பயிற்றப்படுகின்றன. ஒரு தொடரில் அடுத்து வரக்கூடியது எது என்று கணித்துக் கணித்துக் கோடிக்கணக்கான எண்களை உள்ளே சரிசெய்து கொள்வதே அந்தப் பயிற்சி. பிறகு மனிதர்கள் விரும்பும் வண்ணம் பதில் சொல்லவும் பழக்கப்படுகின்றன. இத்தகைய கணக்கு வழிமுறையை அல்காரிதம் என்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவரைப்போல் கேள்வி கேட்கும் பிள்ளைகளை உட்கார வைத்துவிடுகிறோம்!

இந்த நிரல்களுக்கு உள்ளே புரிதல் உண்டா என்பதில் அறிஞர்களே இருவேறு கருத்தினர். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன், இவற்றுக்கு ஒருவகைப் புரிதல் உண்டென்றே கருதுகிறார். 2024-இல் ஜான் ஹாப்ஃபீல்டுடன் இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர். 2023-இல் இதன் ஆபத்துகளைத் தடையின்றிப் பேச வேண்டும் என்பதற்காகவே கூகுள் நிறுவனத்தை விட்டு விலகியவரும் இவரே. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஆனால் ஜெஃபர்ஸனின் கேள்வியை மட்டும் கேட்டுப் பார்த்தேன். என் மாணவன் இரவு இரண்டு மணி வரை பேசினானே, கற்றுக்கொண்டவர் யார்? அவன் சில செய்திகளைக் கற்றிருக்கலாம். அவனோடு பேசிய நிரலோ, பயிற்சியில் பதிந்ததை வைத்தே பேசியது. அவன் துயரத்தைக் கேட்ட அந்த வேளையில் அதன் உள்ளே பதிந்திருந்த எண்களில் ஒன்றும் மாறவில்லை. அவனுக்காக அது ஓர் இரவு உறக்கத்தை இழக்கவில்லை.

முடிவில்லாத உரையாடல்

அப்படியானால் மனிதர்கள் பேசிக்கொள்ளும்போது என்னதான் நிகழ்கிறது? இதற்கு இயந்திரங்களின் கதையை விட்டுச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1930 ஜூலை 14 அன்று பெர்லினுக்கு அருகில் உள்ள கபுத் என்னும் சிற்றூரில், ஐன்ஸ்டைனின் கோடை இல்லத்திற்கு ரவீந்திரநாத் தாகூர் சென்றார். விஞ்ஞானியும் கவிஞரும் பேசிய பொருள் உண்மையைப் பற்றியது. மனிதனே இல்லாவிட்டாலும் உண்மை இருக்குமா? இருக்கும் என்றார் ஐன்ஸ்டைன். மனித மனத்தோடு தொடர்பற்ற உண்மை மனிதர்க்கு இல்லை என்றார் தாகூர். அழகைப் பொறுத்தவரை தாகூரோடு உடன்பட்ட ஐன்ஸ்டைன், உண்மையைப் பொறுத்தவரை அசையவில்லை.

அவர் ஒன்றை ஒப்புக்கொண்டதுதான் வியப்பு. தம் கருத்தை விஞ்ஞான முறையில் நிரூபிக்கத் தம்மால் இயலாது என்றும், ஆயினும் அதை உறுதியாக நம்புவதாகவும் அவர் சொன்னார். உலகமே போற்றிய விஞ்ஞானி, எதிரே இருந்தவரிடம் தம் அறிவின் எல்லையைத் திறந்து காட்டினார்! உரையாடல் முடிவு காணாமலே நின்றது. ஆயினும் இருவருள் எவரும் தோற்கவில்லை.

அன்று மாலை

இவற்றையெல்லாம் படித்த பிறகு ஒரு வியாழக்கிழமை அஸ்ருத் தொழுகை முடிந்ததும் அந்த மாணவனை அழைத்து உட்கார வைத்தேன். “தம்பி, அன்று நீ கேட்டபோது நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையது. இப்போது கேள்” என்றேன்.

மனிதன் எதற்காக வாழ்கிறான் என்றே மறுபடி கேட்பான் என்று எதிர்பார்த்து, பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, “ஹஜ்ரத், உங்கள் அத்தா மௌத்தானபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்றான்.

இந்தக் கேள்விக்கு எந்த இயந்திரம் பதில் சொல்லும்? அதற்கு அத்தா ஏது?

நான் சொன்னேன். ஜனாஸாவை எடுத்துச் சென்ற அன்று அழாமல் இருந்ததையும், நாற்பது நாள்கள் கழித்து அவருடைய மூக்குக்கண்ணாடியை அலமாரியில் கண்டபோது கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும் சொன்னேன். இருபது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத செய்தி அது. சொல்லி முடித்தபோது மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தது. அவனும் அழுதிருந்தான். அவன் கேட்ட பெரிய கேள்விக்கு நான் பதில் சொன்னேனா என்று தெரியாது. ஆனால் அன்று இருவருமே கற்றோம்.

இப்போது வியாழக்கிழமை தோறும் அந்த நேரத்தைக் கேள்விகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஏழெட்டு மாணவர்கள் வருகிறார்கள். பல கேள்விகளுக்கு ‘எனக்குத் தெரியாது, தேடிப் பார்ப்போம்’ என்றுதான் சொல்கிறேன். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

பெற்றோர்களே! பிள்ளைகளின் கையில் உள்ள கைபேசியைப் பறிப்பது எளிது. அதில் அவர்கள் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று பதறுவதும் எளிது. அந்தக் கேள்வியை முதலில் நம்மிடம் கேட்டார்களா, அப்போது நாம் என்ன சொன்னோம் என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். இன்று இரவு உணவுக்குப் பிறகு ஓர் அரைமணி நேரம் அவர்களோடு அமருங்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து போய்விடாதீர்கள்.