சுக்கும் வேண்டும், எம்.சி.யும் வேண்டும்

பினாங்கு கடைத்தெருவுக்குப் போகிற தோட்டத்து மக்கள், மறக்காமல் கேட்டு வாங்கும் சாமான் சுக்கு. "சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியில்லை" என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்!

சொன்னதில் அர்த்தம் உண்டு. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது, அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரச்சத்தில் ஒரு பகுதி, இன்னும் காரமான ஷோகாலாக மாறுகிறது. அஜீரணம், வயிற்று உப்புசம், குமட்டலுக்குச் சித்த வைத்தியம் சுக்கைக் கொடுக்கிறது. மிளகும் திப்பிலியும் சேர்ந்தால் அதுவே திரிகடுகம்; சளி இருமலுக்கு உதவும் என்பார்கள். இஞ்சி குமட்டலைக் குறைக்கும் என்று இன்றைய ஆய்வுகளும் சொல்கின்றன.

சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள். ஆகவே மேல்தோலைச் சீவிவிட்டு இடியுங்கள். கொத்தமல்லி விதையும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்க வைத்தால் சுக்குக் காப்பி தயார். இனிப்புநீர் உள்ளவர்கள் கருப்பட்டியை விட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கஷாயம் குடிக்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். செபராங் பிறையில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். செம்பனைக் காட்டில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

"கிளினிக்குப் போகலையாக்கா?"

"போனா ஒருநாள் சம்பளம் போயிடும் தம்பி. சுக்குத் தண்ணி குடிச்சிருக்கேன், சரியாப் போயிடும்."

வற்புறுத்தி அழைத்துப் போனோம். டிங்கிக் காய்ச்சல்! அன்றே வார்டில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால், சம்பளத்தோடு லீவு உண்டு என்பதே அவருக்கு அதுவரை தெரியாது!

தோழர்களே, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? வேலைக்குச் சேர்ந்து 2 ஆண்டு ஆகாதவருக்கு வருடத்துக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு. வார்டில் படுத்தால் 60 நாள் வரை. ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சுக்குக் கஷாயம் எம்.சி. எழுதித் தராது!

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். வயிற்று உப்புசத்துக்குச் சுக்கைத் தேடுங்கள். விடாத காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் டாக்டரிடம் ஓடுங்கள். பாட்டி தந்த மருந்தையும் விட வேண்டாம், சட்டம் தந்த உரிமையையும் விட வேண்டாம்.