இரண்டு சமோவா, ஒரு கப்பல்

பசிபிக் கடலில் சமோவாத் தீவுக்கூட்டம். மக்கள் ஓரினம், பேச்சு ஒரே பேச்சு. கொள்வினை கொடுப்பினையும் உண்டு. 1899-இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மனியிடமிருந்த மேற்குப் பங்கு நியூசிலாந்தின் கைக்கு மாறியது.

1918 நவம்பர் 7. ஆக்லாந்திலிருந்து வந்த ‘தலூன்’ கப்பல் மேற்கின் ஏபியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் காய்ச்சல் கண்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் பயணிகளை இறங்க விட்டார்கள். அடுத்த சில வாரங்களில் சுமார் 8,500 பேர் மடிந்தார்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் மேல். தனித்தனியாகப் புதைக்க ஆளில்லாமல் பொதுக்குழி வெட்டினார்கள்.

கிழக்கில் அமெரிக்கக் கடற்படை ஆளுநர் ஜான் பாயர், சேதி எட்டியதுமே துறைமுகத்தை இறுக்கினார். மேற்கிலிருந்து வந்த தபாலையும் ஏற்கவில்லை. கிராமத்தார் கரையில் காவல் நின்றார்கள். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒரு உயிர்கூடப் போகவில்லை. இரண்டு துறைமுகங்களுக்கும் நடுவே இருந்ததோ நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான்.

மேற்கு அந்தச் சாவுகளை மறக்கவில்லை. நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்த ‘மௌ’ இயக்கத்துக்கு அந்தக் கோபமும் உரமானது. 1962-இல் விடுதலை. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

துறைமுகம் சொந்தக் கைக்கு வந்த பிறகும் ஒரு அடி விழுந்தது. 2018-இல் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தாய்மார்களின் நம்பிக்கை ஆட்டங்கண்டது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்தார்கள். மறு ஆண்டே தட்டம்மை புகுந்து 83 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் சிறு குழந்தைகள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, அரசு வீடு வீடாகப் போய் ஊசி போட்டது. பெரும்பாலான குழந்தைகள் ஏற்கெனவே ஊசி போட்டிருந்த கிழக்கில் இம்முறையும் சாவு இல்லை.

சில மாதங்களில் கொரோனா. 2020 மார்ச்சில் இரண்டு சமோவாக்களும் கதவடைத்தன. ஊருக்குள் அது பரவியது 2022-இல்தான். அதற்குள் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தார்கள். நூறாண்டுக்கு முன் காய்ச்சலோடு வந்தவர்களைத் தடுக்காமல் இறக்கிவிட்ட ஏபியாவில், இந்த முறை வெளிநாட்டிலிருந்து திரும்பிய சொந்தப் பிள்ளைகளும் தனிமை நாட்களை எண்ணி முடித்துத்தான் வீட்டுப்படி மிதித்தார்கள்.