திகில் மரபும் பெயரற்ற பெண்களும்: ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘மூடுபனி’ ஆகிய படங்களை முன்வைத்து

திகில் திரைப்படம் எவ்வாறு அமையும் என்பது பார்வையாளர்க்கு முன்னரே தெரியும். கொலையாளி யாரென்பதை இறுதிவரை மறைக்கலாம். அல்லது தொடக்கத்திலேயே காட்டிவிட்டு, அவனிடம் சிக்கியவர் தப்புவாரா என்னும் பதைப்பை நீட்டிக்கலாம். தனித்த மாளிகை, பூட்டிய அறை, இறுதியில் கொலையாளியின் இளமைக்காலக் கதை ஆகியவை பெரும்பாலும் தவறாமல் வரும். இவை தேய்ந்துபோனவை எனக் குறைகூறுவது நம் நோக்கமன்று. வகைமை என்பதே படைப்பாளிக்கும் பார்வையாளர்க்கும் இடையிலான ஓர் உடன்பாடுதான். அவ்வுடன்பாட்டில் பெண்ணுக்கு என்ன இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

திரைப்படப் பாடத்தில் நாம் ஒரு சிறு பயிற்சியை மாணவர்க்கு அளிப்பதுண்டு. ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980) ஆகிய இரு படங்களையும் பார்த்த மறுவாரம், இரண்டு வினாக்களுக்கு எழுத்தில் விடை கேட்போம். கொலையாளி ஏன் கொலை செய்கிறான்? கொல்லப்பட்ட பெண்களின் பெயர்கள் யாவை? முதல் வினாவுக்குப் பக்கம் பக்கமாக விடை வரும். இரண்டாவதற்கு ஒரு பெயருக்குமேல் எழுதியவர் அரிது. இதனை மாணவரின் கவனக்குறைவாகவே நாமும் முதலில் கருதினோம். படங்களை மீண்டும் பார்த்தபோது, மாணவர் தம் கவனத்தைப் படம் செலுத்தச் சொன்ன இடத்தில்தான் செலுத்தியிருந்தனர் என்பது விளங்கியது.

இதனை விளக்க ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை (1960) நோக்குவது பயன்தரும். 109 நிமிடங்கள் ஓடும் அப்படத்தில், மேரியன் என்னும் பெண் குளியலறையில் கொல்லப்படும்வரை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கடந்துவிடுகிறது. அதுவரை படம் அவளுடையது. அலுவலகத்தில் பணிபுரிபவள், கடன்பட்ட காதலனை மணக்க வழியின்றித் தவிப்பவள், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட 40,000 டாலருடன் ஊரைவிட்டு ஓடுபவள். காரோட்டும்போது அவள் மனத்தில் எழும் குரல்களையும் நாம் கேட்கிறோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் முடிவெடுத்த பின்னரே கொலை நிகழ்கிறது. கொலைகாரனைப் பற்றிய விளக்கமோ, இறுதியில் மனநல மருத்துவர் ஒருவர் சில நிமிடங்களில் சொல்லி முடிப்பதாக உள்ளது. அவ்விளக்கக் காட்சியைப் படத்தின் பலவீனமான பகுதி எனக் கருதுவோர் பலர், நமக்கும் அக்கருத்தே.

ஹிட்ச்காக் பெண்ணை நடத்திய முறை குற்றமற்றது என நாம் வாதிடவில்லை. திரைப்படக் கோட்பாட்டறிஞர் லாரா மல்வி 1975-இல் வெளியிட்ட கட்டுரையில், வெகுசனத் திரைப்படத்தின் பார்வை ஆணின் பார்வையாகவே அமைந்து, பெண் காணப்படும் பொருளாகிறாள் என்பதைக் காட்ட ஹிட்ச்காக்கின் படங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டார். எனினும் மேரியனுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அதை இழந்தாள் என்பதைப் பார்வையாளர் உணர முடிந்தது.

‘மூடுபனி’ சைக்கோவின் சாயலைக் கொண்டது என்பது பலராலும் சுட்டப்பட்டதே. ‘சிகப்பு ரோஜாக்க’ளை அவ்வாறு நேராக இணைப்பதற்கில்லை. ஆயினும் இரண்டும் ஒரே மாற்றத்தைச் செய்கின்றன: மேரியனுக்குரிய முன்பாதி மறைந்துவிடுகிறது, மருத்துவரின் சில நிமிடங்கள் விரிந்து ஒரு வாழ்க்கை வரலாறாகின்றன.

பாரதிராஜாவின் படத்தில் செல்வந்தனான திலீப் (கமல்ஹாசன்) பெண்களைக் கவர்ந்து வந்து கொல்கிறான். உடல்கள் ரோஜாத் தோட்டத்தில் புதைக்கப்படுகின்றன. சிறுவயதில் அடைக்கலம் புகுந்த வீட்டில் ஒரு பெண்ணால் வீண்பழிக்கு ஆளாகி விரட்டப்பட்டது, பின்னர் நகரத்தில் வேறொருத்தி கணவனுக்குத் துரோகம் செய்ததைக் கண்டது என அவனுக்கு இரண்டு காரணங்கள் தரப்படுகின்றன. அக்கணவனே அவளைக் கொன்றுவிட்டு இவனை வளர்ப்பு மகனாக ஏற்கிறான். இப்பின்னோக்குக் காட்சிகளின் விளைவு யாது? கொலைகள் நோயின் விளைவு என்பதோடு, கொல்லப்பட்டவர்களும் ‘அப்படிப்பட்டவர்கள்தாமே’ என்னும் எண்ணமும் பார்வையாளர் மனத்தில் ஊன்றப்படுகிறது. திலீப்பின் அழைப்புக்கு எளிதில் இணங்கும் பெண்கள் மடிகின்றனர். ஆசாரமான குடும்பத்துப் பெண்ணாகிய சாரதா (ஸ்ரீதேவி) திருமணமின்றி நெருங்க விடாதவள். அவளுக்கு மட்டும் உயிர் மிஞ்சுகிறது. கற்பு இங்கு உயிர்காக்கும் கவசமாகச் செயல்படுகிறது.

சாரதா பூட்டிய அறைக்குள் நுழையும் காட்சியைப் பார்க்கும் ஐரோப்பிய இலக்கிய மாணவர்க்கு, 1697-இல் சார்ல் பெரோ வெளியிட்ட நீலத்தாடிக்காரன் கதை நினைவுக்கு வரும். அங்கும் கணவன் தடைசெய்த அறைக்குள் முன்னாள் மனைவியரின் உடல்கள் கிடக்கின்றன. ஆனால் அங்கு மனைவி பிழைத்துச் செல்வத்துக்கு உரியவளாகி மறுமணமும் செய்துகொள்கிறாள். சாரதாவுக்கு அவ்விடுதலை கிட்டவில்லை. அது பற்றிப் பின்னர்.

பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் சந்துரு (பிரதாப் போத்தன்) பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கொல்கிறான். தாயைத் தந்தை துன்புறுத்தியதற்கு அத்தகைய பெண்களே காரணம் என்பது அவன் உள்ளத்தில் பதிந்த வடு. திருமணம் தன்னைக் குணப்படுத்தும் என நம்பி, வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட ரேகாவை (ஷோபா) உதகைக்குக் கடத்திச் செல்கிறான். கொல்லப்படும் பெண்களைப் பொறுத்தவரை இப்படமும் முந்தையதைப் போன்றதே. ஆனால் ரேகா வேறு. அவள் அஞ்சுகிறாள், அச்சத்தை அடக்குகிறாள், அவனது நோயைப் புரிந்துகொண்டு அன்பாகப் பழகித் தப்ப வழி தேடுகிறாள். அலறுவது மட்டுமே பணி என விதிக்கப்பட்ட இடத்தில் ஒரு பெண் சிந்திப்பதை நாம் காண்கிறோம். ஷோபாவின் முகத்துக்கு ஒளிப்பதிவாளராகவும் விளங்கிய இயக்குநர் தந்த பொறுமையே இதற்குக் காரணம் என்பது நம் கணிப்பு. படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே அவர் மறைந்துவிட்டார்.

தமிழ்த் திகில் மரபு தொடக்கத்திலிருந்தே இவ்வாறுதான் இருந்தது எனக் கூறுவதற்கில்லை. சு. பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) பாடல்களே இல்லாமல் எடுக்கப்பட்டது. சென்னையில் சப்பானியக் குண்டு விழுந்த 1943-ஆம் ஆண்டுச் சூழலில், வானொலிப் பொறியாளன் ராஜன் (சிவாஜி கணேசன்) கொல்லப்படுகிறான். அவனுக்கும் மனக்கசப்பின் வரலாறு உண்டு. திறமையை நாடு மதிக்கவில்லை என்பதால் பகைநாட்டுக்கு ஒற்றனானான். ஆனால் அவ்வரலாற்றைக் கேட்டு, எடைபோட்டு, ஏற்க மறுப்பவள் அவன் மனைவி உஷா (பண்டரிபாய்). அவள் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைப் பறிக்கிறது. காரணம் சொல்லும் உரிமை ஆணிடம் இருக்கும்போதே தீர்ப்புச் சொல்லும் உரிமை பெண்ணிடம் இருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் வந்த சாரதாவிடம் அவ்வுரிமை இல்லை. ‘ராட்சசன்’ (2018) வரை வந்து பார்த்தாலும், கொலையாளியின் பள்ளிப்பருவம் விரிவாகச் சொல்லப்பட, கொல்லப்பட்ட மாணவியர் துப்பறிவதற்குரிய தடயங்களாகவே நிற்கின்றனர்.

மீண்டும் சாரதாவிடம் வருவோம். ‘சிகப்பு ரோஜாக்கள்’ முடியும்போது திலீப் மனநிலை பிறழ்ந்து சிறையில் இருக்கிறான். அவன் நினைவில் எஞ்சியிருப்பது அவள் பெயர் ஒன்றே. அவளோ அவனைக் காண வந்துகொண்டிருக்கிறாள். நாம் அளித்த பயிற்சியில் ஆண்டுதோறும் ஓரிருவராவது கொல்லப்பட்ட பெண்களின் பெயர்ப்பட்டியலில் ‘சாரதா’ என எழுதிவிடுவர். அவள் கொல்லப்படவில்லையே என்று ஒரு முறை சுட்டிக்காட்டினோம். எழுதிய மாணவி தாளைத் திரும்பப் பெற்றுப் பார்த்தாள், திருத்தாமலே கொடுத்துவிட்டாள்.