பித்தளைத் தோட்டாக் கூடு: மறுபயனும் மறைந்துள்ள வெடிப்பும்

ரிவால்வர் என்னும் சுழல் கைத்துப்பாக்கியில் இடப்படும் தோட்டா நான்கு உறுப்புகளைக் கொண்டது. முனையில் ஈயக் குண்டு. அதன் பின்னே வெடிமருந்து. அடியில் பிரைமர் எனப்படும் சிறு தீமூட்டி. இம்மூன்றையும் தன்னுள் ஏந்தி நிற்கும் பித்தளைக் கூடு. சுட்ட மாத்திரத்தில் முதல் மூன்றும் செலவாகிவிடுகின்றன. கூடு மட்டும் அறையிலேயே எஞ்சுகிறது. நான்கினுள் செய்வதற்கு மிகுந்த உழைப்பும் செலவும் பிடிப்பது அக்கூடுதான். ஆகவே, எஞ்சியதை எறிந்துவிடாமல் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தலாகாதா என்னும் எண்ணம், உலோகக் கூடு தோன்றிய நாள் முதலாகவே மக்களுக்கு இருந்து வந்திருக்கிறது.

அமெரிக்காவில் இவ்வழக்கம் வேரூன்றியது 1870ஆம் ஆண்டுகளில். நகரங்களுக்கு நெடுந்தொலைவில், புல்வெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் ஈயக் கட்டியையும் வெடிமருந்தையும் தீமூட்டிகளையும் வண்டியில் ஏற்றிச் சென்று, இரவில் தீயருகே அமர்ந்து பகலில் சுட்ட கூடுகளை மறுபடியும் நிரப்பிக்கொண்டனர். இன்று அந்நாட்டில் இலக்குச் சுடுதலில் பயிற்சி பெறுவோர் பலரும் அதையே வீட்டில் சிறு இயந்திரங்களைக் கொண்டு செய்கின்றனர். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் பெறாதவர் தோட்டா செய்வது குற்றமாகும். ஆயினும் பித்தளைக் கூட்டின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று. எந்தக் கூடு மீண்டும் பயன்படும், எது பயன்படாது என்பதை உலோகவியலார் அறிந்துகொண்ட வழியில், இந்தியாவின் மழைக்காலமும் ஒரு குதிரை லாயமும் குறுக்கிடுகின்றன.

கூட்டுக்கு வழங்கும் பித்தளையில் செம்பு நூற்றுக்கு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. இக்கலவைக்குத் 'தோட்டாப் பித்தளை' என்றே பெயர். இதைத் தேர்ந்தெடுத்தமைக்குத் தக்க காரணம் உண்டு. வெடிமருந்து எரியும்பொழுது எழும் வாயு, கூட்டின் மெல்லிய சுவரை விரியச் செய்து, துப்பாக்கியின் எஃகு அறைச் சுவரோடு அழுத்திவிடுகிறது. அவ்வாறு அழுந்துவதனாலேயே வாயு பின்புறமாகக் கசிந்து சுடுபவரின் முகத்தில் பாயாமலிருக்கிறது. ஆனால் அழுத்தம் தணிந்தவுடன் கூடு சுருங்கி அறையிலிருந்து விடுபடவும் வேண்டும். ஒரே அளவு விசைக்கு, எஃகு நீளுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீளுவது பித்தளை. விசை நீங்கியபின் அதே அளவு மீளுவதும் அதன் இயல்பு. எனவே எஃகு அறை தன் பழைய அளவுக்குத் திரும்பும்பொழுது, பித்தளைக் கூடு அதைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கித் தானே தளர்ந்து நிற்கிறது. ஆறு கூடுகளையும் ஒரு தண்டால் ஒருசேரத் தள்ளி வெளியேற்ற முடிவது இதனால்தான்.

மென்மையான செம்பிற்கு இத்தகைய மீட்சி இல்லை. 1876ஆம் ஆண்டில் லிட்டில் பிக்ஹார்ன் என்னுமிடத்தில் அமெரிக்கக் குதிரைப்படையின் ஒரு பகுதி பூர்வகுடிகளிடம் தோற்றழிந்தபொழுது, செப்புக் கூடுகள் துப்பாக்கியில் சிக்கிக்கொண்டமையே காரணம் என்று பலர் பழி கூறினர். 1984, 1985ஆம் ஆண்டுகளில் அப்போர்க்களத்தை அகழ்ந்து, கிடைத்த கூடுகளை ஆராய்ந்தவர்கள், சிக்கியமைக்கான கீறல்கள் ஒரு சிறு பங்கில்தான் உள்ளன எனக் கண்டனர். தோல்விக்குக் கூட்டின்மீது ஏற்றப்பட்ட பழி மிகையே. ஆயினும் கூடுகள் சிக்கியதுண்டு என்பதும் பொய்யன்று. படைகள் பின்னர்ப் பித்தளைக்கே மாறிவிட்டன.

பித்தளை கடினமாகவும் இருக்க வேண்டும், அதே வேளையில் முறியாமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் எளிதில் ஒருங்கே அமைவதில்லை. தகட்டிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டு முதலில் கிண்ணமாக்கப்படுகிறது. பின்பு அச்சுகளின் வழியே பலமுறை இழுக்கப்பட்டுக் குழலாகிறது. ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் இறுகிக் கடினமாகிறது. மேலும் இழுத்தால் கிழிந்துவிடும். ஆகவே இடையிடையே அதைச் சூடேற்றி மென்மையாக்குவர். பாத்திரம் அடிக்கும் கன்னாரும் இதைத்தான் செய்கிறார். சிறிது அடித்ததும் உலையிலிட்டுக் காய்ச்சி, மறுபடியும் அடிக்கிறார். ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். புதிய செப்புக் கம்பி ஒன்றை மாணவர் கையால் வளைக்கட்டும். சில முறை வளைத்து நிமிர்த்தியபின் அது முரண்டு பிடிக்கும், தொடர்ந்தால் ஒடியும். ஒடியுமுன் விளக்குச் சுடரில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால், பழையபடி இளகி வளையும்.

சுட்ட கூட்டை மீண்டும் நிரப்புதல் என்பது உலோகத்தை மேலும் ஒரு சுற்று வளைத்து நிமிர்த்துவதேயாகும். சுடும்பொழுது கூடு விரிகிறது. பின்பு அச்சில் செலுத்தி அதை ஒடுக்குகிறார்கள். குண்டு எளிதில் அமரும்பொருட்டு வாயைச் சிறிது அகற்றுகிறார்கள். குண்டை வைத்தபின் அதே வாயை உள்நோக்கி மடக்குகிறார்கள். இந்த மடிப்பை விட்டுவிட இயலாது. ஓர் அறையிலுள்ள தோட்டா வெடிக்கும் அதிர்ச்சியில், மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் முன்னோக்கி நழுவக் கூடும். நழுவிய குண்டு உருளையின் முன்புறம் நீட்டிக்கொண்டு, உருளையைச் சுழலவிடாமல் தடுத்துவிடும். எனவே வாயின் விளிம்பு ஒவ்வொரு முறையும் அகன்றும் மடங்கியும் நைகிறது. ரிவால்வர்க் கூடு முதலில் வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான். 1898ஆம் ஆண்டில் அறிமுகமான .38 ஸ்பெஷல் போன்ற, குறைந்த அழுத்தமுள்ள தோட்டாவின் கூடு, கவனமாகக் கையாண்டால் பத்து முறைக்கு மேலும் உழைக்கும். 1930ஆம் ஆண்டுகளில் வந்த .357 மாக்னத்தின் அழுத்தம் அதைப்போல் இரு மடங்கு. அதன் கூடு அத்துணை நாள் தாங்குவதில்லை.

அனுபவமுள்ளவர்கள் கூடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை கூர்மையானது. முதலில் அடியில் பொறித்த முத்திரையைப் பார்த்துத் தொழிற்சாலைவாரியாகப் பிரிக்கிறார்கள். ஏனெனில் வெளியளவு ஒன்றாயிருந்தும், சுவரின் பருமன் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் சிறிது வேறுபடும். எஃகுக் கூடும் அலுமினியக் கூடும் கழிக்கப்படுகின்றன. நிக்கல் பூசிய கூடு கண்ணுக்கு அழகானது. தோல் வாரில் செருகி வைத்த பித்தளை, தோலிலுள்ள அமிலங்களால் பச்சைக் களிம்பு ஏறிவிடும் என்பதால் காவலர்களுக்காக அப்பூச்சு விரும்பப்பட்டது. ஆனால் நிக்கல் பூசிய கூட்டின் வாய் விரைவில் வெடிக்கிறது. எஞ்சியவற்றை வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்கிறார்கள். வாயில் மயிரிழை வெடிப்பிருந்தால் அது பயனற்றது. அடிப்பகுதியில் புடைப்போ வெடிப்போ காணப்படின் அது பயனற்றது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும். அடி பிளந்தால் வாயுவைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. தீமூட்டி அமரும் குழி தளர்ந்துவிட்ட கூட்டுக்கும் அதுவே தீர்ப்பு. கண்ணுக்குத் தப்பும் வெடிப்பைக் காதினால் கண்டுபிடிப்பதும் உண்டு. ஒரு கைப்பிடிக் கூடுகளைக் குலுக்கினால், வெடித்த கூடு மற்றவற்றைப் போலக் கணீரென ஒலிக்காது. பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் பெண்டிருக்கு இது புதிய செய்தியன்று.

தீமூட்டியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். இதில் இருவகை உண்டு. ஆங்கிலேய அதிகாரி பாக்ஸர் வகுத்த அமைப்பில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருக்கும். அதன் வழியே ஊசி செலுத்திப் பழைய தீமூட்டியை எளிதில் வெளியேற்றலாம். அமெரிக்கரான பெர்டன் வகுத்ததில் பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறு துளைகள். அதை அகற்றுவது கடினம். விந்தை யாதெனில், ஆங்கிலேயரின் அமைப்பு அமெரிக்காவிலும் அமெரிக்கரின் அமைப்பு ஐரோப்பாவிலும் பரவின. அமெரிக்காவில் மறுபயன் வழக்கம் செழித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பழைய தீமூட்டிகளில் பாதரசம் கலந்த வெடிப்பொருள் இருந்தது. கரும் வெடிமருந்து வழங்கிய காலத்தில் அதன் மிகுந்த புகைக்கரி பாதரசத்தைப் பெரிதும் ஏற்றுக்கொண்டதால் கூடு தப்பியது. புகையற்ற மருந்து வந்தபின் பாதரசம் நேரே பித்தளையோடு சேர்ந்து அதை நொறுங்கச் செய்தது. ஒருமுறை சுட்ட கூடு, பார்வைக்குப் புதிதாகவே இருந்தும், மறுமுறை பிளந்தது. இன்றைய தீமூட்டிகளில் பாதரசம் இல்லை. எனினும் பலவற்றில் ஈயச் சேர்மம் உண்டு. ஆதலால் சுட்ட கூடுகளைத் துலக்குவோர் அவற்றின் தூசியைச் சுவாசிக்கலாகாது.

பாதரசத்தினும் வியப்பானது மற்றொரு கேடு. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர், மழைக்காலத்தில் படை நடவடிக்கை குறைந்திருக்குங்கால், தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்து, வறண்ட பருவம் வந்ததும் எடுத்துப் பார்ப்பதுண்டு. அப்பொழுது பல கூடுகள், யாரும் தொடாமலே, வெடித்துக் கிடந்தன. அவை சுடப்பட்டவையல்ல, வைத்த இடத்திலேயே வெடிப்பு விட்டவை. போர்முனையில் கைக்கு வரும் தோட்டா இவ்வாறிருந்தால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இக்கேட்டுக்குப் 'பருவ வெடிப்பு' என்று பெயர் வந்தது. மழைப் பருவத்தில் தோன்றியதால் வந்த பெயர் என்பர் சிலர்; பதப்படாத மரம் வெடிப்பதைப் போன்றிருப்பதால் வந்தது என்பர் வேறு சிலர்.

இதற்கு விடை 1921ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூர், பெக்கின்ஸேல், மாலின்சன் ஆகிய மூவர் தம் ஆராய்ச்சியில், குற்றவாளி அமோனியா என நிறுவினர். குதிரைகளின் சிறுநீர் சிதைவதால் லாயத்தின் காற்றில் அமோனியா நிறைந்திருந்தது. மழைக்காலத்தின் ஈரம் அதைப் பித்தளையின்மேல் படியச் செய்தது. செம்புக் கரைசலில் அமோனியா சேர்த்தால் ஆழ்ந்த நீலநிறம் தோன்றுவதை மாணவர் அறிவர். அதே சேர்க்கை கூட்டின் மேற்பரப்பில் மிக நுண்ணிய அளவில் நிகழ்ந்து, உலோகத்தின் படிகங்களுக்கு இடையே அரித்துச் செல்கிறது.

ஆனால் அமோனியா மட்டும் கூட்டைப் பிளப்பதில்லை. இழுத்தும் மடக்கியும் உருவாக்கிய கூட்டினுள் ஒரு விசை உறைந்து நிற்கிறது. வெளியே எவரும் இழுக்காமலே உலோகம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டிருக்கும் நிலை அது. அமோனியா தொடங்கிய நுண்ணிய அரிப்பை அந்த உள்விசை அகலத் திறந்துவிடுகிறது. உள்விசை இல்லாத பித்தளையை அமோனியா கறுக்கச் செய்யலாம், வெடிக்கச் செய்வதில்லை. துத்தநாகம் நூற்றுக்கு 15 பங்குக்குக் குறைவாயுள்ள பித்தளையிலும் இத்தொல்லை அரிது. எனவே பரிகாரம் எளிதாயிற்று: செய்து முடித்த பொருளை ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால், கடினம் பெரிதும் குறையாமலே உள்விசை தணிந்துவிடுகிறது. உலோகத்தை முற்றும் இளக்கும் சூட்டைவிட இது மிகக் குறைவு. கூட்டின் அடி இளகிவிடலாகாது என்பதால், இவ்வேறுபாடே இம்முறையின் உயிர்நாடி. குழாய்த் திருகு, மின்னிணைப்பு முனை, நீராவிக் குழல் எனப் பித்தளையால் ஆகும் பிற பொருள்களுக்கும் இவ்வறிவு பின்னர்ப் பயன்பட்டது.

மறுபயன் செய்வோர் இன்றும் இதே தவற்றில் விழுவதுண்டு. கூட்டைப் பளபளப்பாக்க வேண்டி, கடையில் விற்கும் பித்தளை மெருகைத் தடவுகிறார்கள். அவற்றுள் பலவற்றில் அமோனியா கலந்திருக்கும். துப்பாக்கிக் குழலில் படிந்த செம்பை நீக்கும் திரவங்களிலும் அது உண்டு. கூடு பொன்போல் ஒளிர்கிறது. சில மாதங்களில் வாயோரம் வெடிக்கிறது. அறிந்தவர்கள் பொடித்த வாதுமை ஓட்டிலோ சோளத்தக்கையிலோ கூடுகளைப் புரட்டித் துலக்குவதோடு நிறுத்திக்கொள்கின்றனர். கறுத்த கூட்டைக் கண்டு அவர்கள் கவலைப்படுவதில்லை. வெடித்த கூட்டையே தேடுகின்றனர்.

படைகளின் சுடுகளங்களை அடுத்த ஊர்களில் பணிபுரியும் அலுவலர் இங்கே வேறொன்றையும் கருத வேண்டும். பித்தளைக்கு விலை உண்டு என்பதால் ஏழை மக்களும் சிறுவர்களும் சுடுகளத்தில் கூடு பொறுக்கச் செல்கின்றனர். வெற்றுக் கூட்டோடு வெடியாத குண்டும் அங்கே கிடக்கும். அவ்வாறு எடுத்தவை வீட்டில் வெடித்து உயிர் போனதுண்டு. சுட்ட தோட்டாவின் தீமூட்டியில் சுத்தி பதிந்த பள்ளம் தெரியும். ஆனால் அப்பள்ளம் இருந்தும் வெடியாது போன தோட்டாவும் உண்டாகையால், பள்ளத்தைக் கொண்டு வெற்றுக் கூடு என்று முடிவு செய்தலாகாது. பள்ளிக்கு மாணவன் ஒருவன் இத்தகைய பொருளைக் கொண்டுவந்து காட்டினால், ஆசிரியர் அதை வாங்கிப் பார்க்கவோ தட்டவோ முற்படாமல், இருந்த இடத்திலேயே விட்டுப் பிள்ளைகளை அப்புறப்படுத்திக் காவல் நிலையத்துக்குச் செய்தி அனுப்புவதே முறை.